டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் டொமைனை, அதாவது இணையதளத்தின் பெயரை, புதுப்பிப்பது பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறு ஒன்றைக் கேட்கின்றன: ஒரு நிறுவனத்தில் பதிந்த டொமைனை இன்னொரு நிறுவனத்துக்குக் கொண்டுபோவது எப்படி? மதுரையில், வெப்சைட்டுகளைத் தன் சர்வரில் வைத்து நடத்தும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். நாளுக்கு நாலு பேராவது இதே கேள்வியோடு போனில் வருவார்கள். அதில் இரண்டு பேர் அழுகிற நிலையில் இருப்பார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேள்விகளுக்கே.

கேள்வி: எங்கள் காலண்டர் அச்சகத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒரு டாட் காம் பெயர் வாங்கினேன். இன்னொரு நிறுவனத்தில் விலை குறைவு என்று தெரிந்து மாற்றப் போனால், 60 நாள் கழித்து வாருங்கள் என்கிறார்கள். வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கிற தந்திரம்தானே இது?
– வாசகர், சிவகாசி

பதில்: தந்திரம் இல்லை, அது உலகம் முழுவதற்குமான விதி. டாட் காம் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பேரேடுதான். அதை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் வைத்திருக்கிறது. பேரேட்டை வைத்திருப்பவர் ரிஜிஸ்ட்ரி. நாம் பணம் கட்டுகிற நிறுவனம் ரிஜிஸ்ட்ரார். நமக்காக அந்தப் பேரேட்டில் எழுத ரிஜிஸ்ட்ராருக்கு அனுமதி உண்டு, நமக்கு நேரடியாகக் கிடையாது. டிரான்ஸ்ஃபர் என்பது, பேரேட்டில் உங்கள் டொமைனுக்கு எதிரே எழுதியிருக்கும் ரிஜிஸ்ட்ரார் பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதுவது.

இதற்கான விதிகளை வகுப்பது ஐகேன். 1998-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத அமைப்பு அது. ரிஜிஸ்ட்ரார்களுக்கு இடையிலான மாற்றத்துக்கு அது போட்ட விதிகள் 2004 நவம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கின்றன. இடையில் பல திருத்தங்கள் வந்திருக்கின்றன. அதன்படி டொமைன் புதிதாகப் பதிவான 60 நாளுக்குள்ளோ, கடைசியாக இடம் மாறிய 60 நாளுக்குள்ளோ பழைய நிறுவனம் மாற்ற மறுக்கலாம். 'மறுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'மறுக்க வேண்டும்' என்று இல்லை. ஆனால் விட்டுக்கொடுத்த நிறுவனத்தை நான் பார்த்தது மிகவும் குறைவு.

காரணம் நியாயமானதுதான். திருட்டு கார்டில் வாங்கிய டொமைன் என்றால் கார்டுக்காரர் புகார் கொடுத்து, வங்கி பணத்தைத் திரும்ப எடுக்கச் சில வாரம் ஆகும். அதற்குள் டொமைன் நாலு நிறுவனம் தாண்டிப் போயிருந்தால் யாராலும் பிடிக்க முடியாது. இந்த 60 நாளை 30 ஆகக் குறைக்கலாம் என்று ஐகேனின் கொள்கைக் குழு பரிந்துரைத்திருக்கிறது.

இன்னொன்று. 'டிரான்ஸ்ஃபர் கட்டணம்' என்று வாங்குகிறார்களே, டாட் காம் போன்ற பெயர்களுக்கு அது உண்மையில் ஓராண்டுப் புதுப்பிப்புப் பணம். உங்களுக்கு 10 மாதம் பாக்கி இருந்தால், மாற்றிய பிறகு 22 மாதம் இருக்கும். மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. ஆகவே காத்திருப்பதால் உங்களுக்குப் பண இழப்பு எதுவும் இல்லை. பதிவான தேதியிலிருந்து 61-ஆம் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். காலண்டருக்கு உங்களிடம் பஞ்சமா!

கேள்வி: நாங்கள் மஞ்சள் மண்டி நடத்துகிறோம். 8 வருஷத்துக்கு முன்னால் வெப்சைட் செய்து கொடுத்த தம்பி டொமைனையும் அவரே எடுத்துக் கொடுத்தார். வருஷா வருஷம் அவருக்குத்தான் பணம் அனுப்புவோம். ஆறு மாதமாகப் போனை எடுப்பதில்லை. டொமைனை எங்கள் பெயரில் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியுமா? ஏதோ கோடு வேண்டும் என்கிறார்களே?
– வாசகி, ஈரோடு

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான் அம்மா. ஏனென்றால் இது உங்கள் ஒருவர் கதை இல்லை. பெட்டிக்கடை வாடகை ஒப்பந்தத்தைக் கூட இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், டொமைனை மட்டும் "நீயே எடுத்துக் கொடுத்துடு தம்பி" என்று விட்டுவிடுகிறார்கள்.

பணம் யார் கட்டினார் என்பதைப் பேரேடு பார்ப்பதில்லை. 'ரிஜிஸ்ட்ரன்ட்' என்ற இடத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான் அந்த டொமைனை வைத்திருப்பவர். முன்பெல்லாம், டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூ ஈஸ் தேடலில் அந்தப் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் பளிச்சென்று தெரியும். 2018 மே மாதம் ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் அமலானதும் பெரும்பாலான நிறுவனங்கள் அதை மறைத்துவிட்டன. இப்போது ஐகேனின் லுக்அப் பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டால் ரிஜிஸ்ட்ரார் யார், எந்தத் தேதியில் காலாவதி, டொமைன் இடம் மாறாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் பூட்டு போட்டிருக்கிறதா என்பவை தெரியும். இன்றே அதைச் செய்து மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்ட்ரார் என்று அங்கே வருகிற பெயர் நீங்கள் கேள்விப்படாததாக இருக்கலாம். அந்தத் தம்பி ஒரு ரீசெல்லராக, அதாவது ரிஜிஸ்ட்ராரிடம் வாங்கி நமக்கு விற்கும் இடைத்தரகராக, இருந்திருப்பார். அங்கே தெரிகிற நிறுவனம் அவருக்கு மேலே இருப்பது. "ரீசெல்லரையே கேளுங்கள்" என்று அந்த நிறுவனம் உங்களைத் தட்டிக் கழித்துக்கொண்டே இருக்க முடியாது. ஐகேனோடு ஒப்பந்தம் போட்டிருப்பது அந்த நிறுவனம்தான், பொறுப்பும் அதற்குத்தான்.

அந்த நிறுவனத்துக்கு உங்கள் மண்டியின் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். பல நேரம் நல்ல செய்தி வரும். வெப்சைட் செய்தவர்கள் பெரும்பாலும் வாடிக்கையாளர் பெயரையே ரிஜிஸ்ட்ரன்ட் என்று போட்டுவிட்டு, மின்னஞ்சல் முகவரியை மட்டும் தங்களுடையதாகக் கொடுத்திருப்பார்கள். உங்கள் மண்டியின் பெயர் அங்கே இருந்தால் ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு, பழைய பில்கள் ஆகியவற்றைக் கொடுத்து மின்னஞ்சலை உங்களுடையதாக மாற்றச் சொல்லலாம். அது முடிந்ததும் நீங்கள் கேட்கிற அந்தக் கோடு. ஆத் கோடு என்பார்கள், இபிபி கோடு என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கடவுச்சொல். உங்கள் கணக்கில் நுழைந்து நீங்களே அதை எடுக்க வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கேட்ட 5 நாளுக்குள் அவர்கள் கொடுத்தாக வேண்டும். டிரான்ஸ்ஃபர் பூட்டைத் திறப்பதற்கும் அதே 5 நாள். கொடுக்காமல் இழுத்தடித்தால் ஐகேனுக்குப் புகார் செய்ய இணையத்திலேயே படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. நிறுவனங்கள் அந்தப் புகாரை லேசாக எடுத்துக்கொள்வதில்லை, இதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன்.

சரி, பேரேட்டில் அந்தத் தம்பியின் பெயரே இருந்தால்? குறுக்கு வழி கிடையாது. நிறுவனம் உங்களிடம் கோடு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதுதான் தப்பு. ஐகேனும் இதில் தலையிடாது. டொமைன் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை. உங்கள் வணிகப் பெயருக்கு டிரேட்மார்க் உரிமை இருந்து, அவர் கெட்ட எண்ணத்தோடுதான் பதிந்தார், வைத்திருக்கிறார் என்று காட்ட முடிந்தால், டொமைன் பெயர்த் தகராறுகளுக்கென்று 1999 முதல் இருக்கும் யுடிஆர்பி என்ற முறையில் வழக்குப் போடலாம். உங்களுக்காக, நீங்கள் சொல்லி எடுத்துக் கொடுத்தவர் மேல் அதை நிரூபிப்பது கடினம். மீதி சிவில் கோர்ட்தான்.

கோர்ட் வாசல் ஏறுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு யாராவது நேரில் போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில் போனை எடுக்காதவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தொழிலை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள், பழைய வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லக் கூச்சம். சண்டையாகப் போகாமல் போனால் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை.

அவர் சம்மதித்துவிட்டால் ஒரு வரிசையைக் கவனியுங்கள்: முதலில் இடம், பிறகு பெயர். 2016 டிசம்பர் 1 முதல் இருக்கிற விதிப்படி, ரிஜிஸ்ட்ரன்ட்டின் பெயரையோ நிறுவனப் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால் அங்கிருந்து 60 நாளுக்கு டொமைன் நகராது. பழையவர், புதியவர் இருவருமே அந்த மாற்றத்துக்குச் சம்மதம் தெரிவிக்கவும் வேண்டும். அதனால் அவரிடம் ஆத் கோடை வாங்கி, நீங்கள் புதிதாகத் தொடங்கிய கணக்குக்கு டொமைனைக் கொண்டுவந்து, அப்புறம் பெயரை மாற்றுங்கள். பெயரை முதலில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றுவதற்கு முன்னாலேயே "அந்த 60 நாள் பூட்டு வேண்டாம்" என்று எழுதிக் கேளுங்கள். சில நிறுவனங்கள் அந்த விலக்கைத் தருகின்றன. மாற்றிய பிறகு கேட்டால் பயனில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2011-இல் எங்கள் தெரு நூலகத்துக்கு நானே ஒரு டொமைன் பதிந்தேன். தொடர்பு மின்னஞ்சலாக, அப்போது வீட்டில் இருந்த பிராட்பேண்ட் இணைப்போடு வந்த முகவரியைக் கொடுத்தேன். 2014-இல் அந்த இணைப்பை விட்டோம்; முகவரியும் போயிற்று. 2017-இல் டொமைனை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று கோடு கேட்டபோது, அது அந்த இல்லாத முகவரிக்குப் போனது. அடையாள அட்டை, நூலகச் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் எல்லாம் அனுப்பி மின்னஞ்சலை மாற்றவே மூன்று வாரம் ஆனது. மாற்றிய அன்று அந்த 60 நாள் பூட்டு விழுந்தது. பூட்டு திறப்பதற்குள் காலாவதித் தேதி வந்துவிட்டது. எந்த விலைக்காக அங்கிருந்து கிளம்ப நினைத்தேனோ அதே விலையைக் கட்டி இன்னொரு வருஷம் அங்கேயே இருந்தோம். நூலகத்துக்கு அந்தப் பணம் சின்னப் பணம் இல்லை.

ஆகவே டொமைனின் தொடர்பு மின்னஞ்சலாக எந்த நாளும் உங்கள் கையில் இருக்கப் போகிற முகவரியைக் கொடுங்கள். அதே டொமைனில் இயங்குகிற முகவரியையும் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றுபோனால் அந்த அஞ்சலும் நின்றுபோகும். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட கதைதான்.

கேள்வி: மாற்றும்போது வெப்சைட் நின்றுவிடுமா? ஆர்டர் எல்லாம் மெயிலில்தான் வருகிறது.
– வாசகர், கரூர்

பதில்: டிரான்ஸ்ஃபரில் வெப்சைட்டும் போகாது, மெயிலும் போகாது. டொமைன் பதிவு மட்டும் போகும். பேரேட்டில் எழுதியிருக்கும் நேம்சர்வர் விவரம், அதாவது உங்கள் வெப்சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று வழி சொல்லும் சர்வரின் பெயர், மாறாமல் அப்படியே வரும். உங்கள் நேம்சர்வர் ஹோஸ்டிங் நிறுவனத்துடையது என்றால் யாருக்கும் எதுவும் தெரியாமலே வேலை முடிந்துவிடும்.

ஒரே ஒரு இடத்தில் இடறும். பழைய ரிஜிஸ்ட்ரார் இலவசமாகக் கொடுத்த நேம்சர்வரில் நீங்கள் இருந்தால், டொமைன் கிளம்பிய பிறகு அவர்கள் அதை நிறுத்திவிடலாம். அப்போது தளமும் மெயிலும் சேர்ந்து நிற்கும். அதனால் கிளம்புவதற்கு முன், அந்த வழியைச் சொல்லும் குறிப்புகளான டிஎன்எஸ் பதிவுகள் அத்தனையையும், முக்கியமாக மெயிலுக்கான எம்எக்ஸ் பதிவுகளை, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் அவற்றை முதலில் போட்டு, நேம்சர்வரை மாற்றி, இரண்டு நாள் மெயில் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு டிரான்ஸ்ஃபரைத் தொடங்குங்கள். டிஎன்எஸ்செக் என்ற பாதுகாப்பு முத்திரை போட்டிருந்தால் நேம்சர்வரை மாற்றுவதற்கு முன் அதை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் தளம் பலருக்குத் திறக்காது. ஏற்றுமதி ஆர்டர் வருகிற நாளாகப் பார்த்து இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: டொமைன் காலாவதியாகிப் பத்து நாள் ஆகிறது. "எங்களிடம் புதுப்பித்துவிட்டுத்தான் வேறு இடத்துக்குப் போக முடியும்" என்று பழைய நிறுவனம் சொல்கிறது. சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. காலாவதியான பிறகு 45 நாள் வரை ஒரு சலுகைக் காலம் உண்டு. அந்த நேரத்தில், வரப்போகிற ஆண்டுக்கான பணத்தைக் கட்டவில்லை என்ற காரணத்தைக் காட்டி டிரான்ஸ்ஃபரை மறுக்கக் கூடாது என்று ஐகேன் 2008-இலேயே எல்லா நிறுவனங்களுக்கும் தெளிவாக எழுதியது. போன ஆண்டுக்கான பணமே பாக்கி, அல்லது அந்தப் பணத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது என்றால் மட்டும் மறுக்கலாம்.

உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும் நாள் உங்கள் பக்கம் இல்லை. 45 என்பது அதிகபட்சம். பல நிறுவனங்கள் அதற்கு முன்பே டொமைனை ஏலத்துக்கு விடுகின்றன, அல்லது நீக்கிவிடுகின்றன. நீக்கிவிட்டால் அடுத்த 30 நாள் மீட்புக் காலம். அப்போது வேறு இடத்துக்குப் போக வழியில்லை, பழைய நிறுவனத்திடமே பெரிய தொகை கட்டி மீட்க வேண்டும். அதுவும் கழிந்தால் 5 நாளில் பெயர் பேரேட்டிலிருந்து அழிந்து, யார் வேண்டுமானாலும் பதியலாம் என்றாகிவிடும். உங்களுக்குப் பத்து நாள் போய்விட்டது. இன்றைக்கே கோடு கேட்டு எழுதுங்கள். இரண்டு நாளில் வழி பிறக்கவில்லை என்றால், நியாயம் உங்களுடையதாக இருந்தாலும், பழைய இடத்திலேயே பணத்தைக் கட்டிப் பெயரைக் காப்பாற்றுங்கள். அப்படிக் கட்டினால் அந்த 45 நாள் முடியும் வரை டிரான்ஸ்ஃபர் செய்ய வேண்டாம். அதற்குள் நகர்ந்தால் பழைய இடத்தில் கூடிய ஆண்டு கழிந்து, புதிய இடத்தில் கூடுகிற ஓர் ஆண்டு மட்டும் நிற்கும். இரண்டு பேருக்கும் பணம் கட்டி ஒரு வருஷம்தான் கிடைக்கும்.

அடுத்த முறைக்கு: காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்னும், ஒரு வாரம் முன்னும் நிறுவனம் உங்களுக்கு நினைவூட்டல் அனுப்பியே ஆக வேண்டும். அந்த முதல் நினைவூட்டலைக் கண்டதும் டிரான்ஸ்ஃபரைத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் கூகுள் டொமைன்ஸில் வைத்திருந்த பெயர் என்னைக் கேட்காமலே ஸ்கொயர்ஸ்பேஸுக்குப் போய்விட்டது. கோடும் இல்லை, சம்மதமும் இல்லை. இது எப்படி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தனி ஒரு டொமைன் நகர்வதற்கும் ஒரு நிறுவனத்தின் கணக்கே கைமாறுவதற்கும் வேறு வேறு விதிகள். கூகுள் தன் டொமைன் தொழிலை ஸ்கொயர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு விற்பதாக 2023 ஜூனில் அறிவித்தது. செப்டம்பரில் விற்பனை முடிந்தது. ஏறக்குறைய ஒரு கோடி டொமைன்கள் போயின. இத்தகைய மொத்த மாற்றத்துக்கு ஐகேனும் ரிஜிஸ்ட்ரியும் ஒப்புக்கொண்டால் போதும், தனித்தனியாகக் கோடு தேவையில்லை. உங்கள் காலாவதித் தேதி மாறியிருக்காது, ஓர் ஆண்டு கூடியும் இருக்காது. பிடிக்கவில்லை என்றால் வழக்கமான முறையில் நீங்கள் வேறு இடத்துக்குக் கிளம்பலாம். புதிய இடத்துக் கணக்கில் ஒரு முறை நுழைந்து, மின்னஞ்சலும் இரட்டைச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை) சரியாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கோடு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் என் டொமைனைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா? "உங்கள் டொமைனை மாற்ற வேண்டுகோள் வந்துள்ளது" என்று போன வாரம் ஒரு மெயில் வந்தது. ஏமாற்று மெயில் என்று நினைத்து விட்டுவிட்டேன்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் ரிஜிஸ்ட்ரார் கணக்கில் நேரடியாக நுழைந்து, டொமைன் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். மெயிலில் இருக்கிற இணைப்பை அழுத்தாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

இப்போது காரணம். டிரான்ஸ்ஃபர் கேட்டு வந்தால் பழைய நிறுவனம் உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பும். நீங்கள் 'வேண்டாம்' என்று சொன்னால் நிற்கும். 'சரி' என்றால் உடனே போகும். ஒன்றுமே சொல்லாவிட்டால்? ஐந்து நாள் கழித்துத் தானாகப் போய்விடும். பதில் வராததைக் காரணம் காட்டி மறுக்கவும் பழைய நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. வாடிக்கையாளரை விடாமல் பிடித்து வைத்த நிறுவனங்களை அடக்கத்தான் 2004-இல் இப்படி மாற்றினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த விதி அமலாகி இரண்டே மாதத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நியூயார்க்கில் பேனிக்ஸ் என்று ஓர் இணைய நிறுவனம், 1989 முதல் நடப்பது. 2005 ஜனவரி 15, சனிக்கிழமை, அதன் டொமைன் களவு போனது. யாரோ ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஐடி நிறுவனத்துக்கு, ஒரு ரீசெல்லர் வழியாக, டிரான்ஸ்ஃபர் போட்டிருந்தார்கள். உண்மையான உரிமையாளர்தான் கேட்கிறாரா என்ற சரிபார்ப்பு அங்கே நடக்கவில்லை. பேனிக்ஸின் வாடிக்கையாளர்களுக்கு வருகிற மெயில் எல்லாம் முன்பின் தெரியாத சர்வருக்குப் போனது. வார இறுதி, கேட்கப் போனால் எடுத்துப் பேச ஆள் இல்லை. பெயர் திரும்பி வர இரண்டு நாள் ஆனது. இதிலிருந்துதான், ஒரு ரிஜிஸ்ட்ரார் இன்னொரு ரிஜிஸ்ட்ராரை அவசரமாகக் கூப்பிட்டால் 4 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்ற விதியை யோசித்து, 2012-இல் கொண்டுவந்தார்கள். அந்த அவசரத் தொடர்பை நாம் நேரடியாகக் கூப்பிட முடியாது. நம் நிறுவனம்தான் கூப்பிட வேண்டும். அதற்கு நாம் அவர்களிடம் உடனே போய்ச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பெர்ல் நிரலாக்க மொழிக்காரர்களின் டாட் காம் பெயர். 2021 ஜனவரி 27-இல் அது கைவிட்டுப் போனது தெரிந்தது. சில நாளில் ஒரு விற்பனைத் தளத்தில் 1,90,000 டாலர் விலைக்குக் கிடந்தது. பின்னால் தோண்டிப் பார்த்ததில், கணக்கு முந்தைய செப்டம்பரிலேயே திருடனிடம் போயிருந்ததாகவும், டிசம்பரில் டொமைன் வேறு நிறுவனத்துக்கு நகர்ந்ததாகவும் தெரிந்தது. நேம்சர்வரைத் தொடாமல் விட்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பெரிய குழு, விஷயம் தெரிந்தவர்கள், பிப்ரவரி முதல் வாரத்திலேயே மீட்டுவிட்டார்கள். நாகர்கோவிலில் ஒரு கைவினைக் கடைக்கு அந்த வேகம் கிடைக்காது.

ஆகவே மூன்று வேலை. டிரான்ஸ்ஃபர் பூட்டு எப்போதும் போட்டிருக்கட்டும். லுக்அப் பக்கத்தில் 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் ப்ராஹிபிட்டட்' என்று வந்தால் பூட்டு இருக்கிறது என்று பொருள். ரிஜிஸ்ட்ரார் கணக்குக்கும், அதைவிட முக்கியமாக அதன் தொடர்பு மின்னஞ்சலுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள், ஏனென்றால் மின்னஞ்சல் கையில் கிடைத்தவனுக்குக் கோடும் கிடைக்கும். ஆத் கோடை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். "செட்டிங்ஸ் பார்க்கணும், கோடு அனுப்புங்க" என்று கேட்டு வருகிறவர்களை நம்பாதீர்கள். டொமைனை இடம் மாற்றுவதைத் தவிர அந்தக் கோடுக்கு வேறு வேலையே கிடையாது.

கேள்வி: இதெல்லாம் டாட் இன் பெயருக்கும் பொருந்துமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: நாட்டுக் குறியீட்டுப் பெயர்களை ஐகேனின் டிரான்ஸ்ஃபர் விதி கட்டுப்படுத்தாது, ஒவ்வொரு நாடும் தனக்கென்று வைத்துக்கொள்ளும். டாட் இன் பேரேடு 2003-இல் தொடங்கிய நிக்ஸி அமைப்பிடம் இருக்கிறது. தமிழில் எழுதும் டாட் இந்தியாவும் அங்கேதான். இங்கேயும் பூட்டு, ஆத் கோடு என்ற நடைமுறைதான், அதனால் பழக்கப்பட்ட பாதை. பெயர்த் தகராறு என்றால் ஐஎன்டிஆர்பி என்ற தனி முறை. எல்லா நாட்டிலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் டாட் யூகே பெயர்களை, போகப்போகும் நிறுவனத்தின் 'டேக்' என்ற அடையாளத்தைப் பழைய நிறுவனத்தில் மாற்றி எழுதியே நகர்த்தி வந்தார்கள். அங்கே மாற்றுவதால் ஓர் ஆண்டு கூடுவதும் இல்லை.

கேள்வி: என் அப்பா 12 ஆண்டுகளாக ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் படித்து ஓர் இணையதளத்தில் எழுதி வந்தார். மார்ச்சில் காலமாகிவிட்டார். டொமைன் அவர் பெயரில். அவருடைய மெயில் பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் 19-ஆம் தேதி காலாவதி. நான் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும் அம்மா, ஆனால் அந்த 19-ஆம் தேதிக்குள் முடியாது. அதனால் மாற்றுவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இன்றைக்கு ரிஜிஸ்ட்ரார் யார் என்று பார்த்து, அவர்களுடைய சேவை எண்ணுக்குக் கூப்பிடுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டார், நான் மகள், பெயர் காலாவதியாகாமல் பணம் கட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கணக்குக்குள் நுழையாமலே புதுப்பிப்புப் பணத்தைப் பெற்றுக்கொள்கிற நிறுவனங்கள் உண்டு. மேசையில் இருந்த காலத்தில் இப்படிக் கூப்பிட்ட பிள்ளைகளுக்கு நானே பணம் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு மூன்று வருஷத்துக்குக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். ஆவணங்களுக்கு அலைய அவகாசம் கிடைக்கும்.

அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, வேறு வாரிசுகள் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதம். இவற்றைக் கேட்பார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். பெயர் உங்களுக்கு மாறியதும் 60 நாள் பூட்டு விழும். விழட்டும், பணம் கட்டியாகிவிட்டதால் அவசரம் இல்லை. அது முடிந்த பிறகு கோடு வாங்கி உங்கள் நிறுவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் இப்போதே செய்யுங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் வேறு வேறு. ஹோஸ்டிங் பணம் எந்தத் தேதி வரை கட்டியிருக்கிறது என்று அப்பாவின் வங்கிக் கணக்கிலோ, டைரியிலோ தேடிப் பாருங்கள். பெயரைக் காப்பாற்றி எழுத்தைத் தொலைத்துவிடக் கூடாது. தளத்தின் பக்கங்கள் அத்தனையையும் இன்று இரவே உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள், படங்களோடு. ரிஜிஸ்ட்ரார் என்ன சொன்னார்கள் என்று இதழ் முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டாம், நேரடியாகவே பதில் எழுதுகிறேன்.